காத்தாடி விட்டால் கரண்ட் வருமா?

அம்பத்தூர், ஆவடி பக்கம் மொட்டை மாடியில் காத்தாடி விட்டவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கீழே எழும்ப அடம்பிடிக்கும் காத்தாடி, உயரே போனதும் கையையே இழுக்கும். தரைக்கு அருகில் கட்டிடங்களும் மரங்களும் காற்றைத் தடுக்கின்றன. மேலே போகப் போக வேகம் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றிலுள்ள சக்தி எட்டு மடங்காகிறது!

கோபுரம் எட்டாத அந்தக் காற்றைக் கயிறு கட்டிப் பிடிக்கலாம் என்று 1980லேயே மைல்ஸ் லாய்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ஜெனரேட்டரையே மேலே அனுப்பி, கயிற்றோடு வரும் கம்பி வழியாகக் கரண்டை இறக்குவது. மற்றொன்று, ஜெனரேட்டரைத் தரையில் வைத்துவிட்டு, காத்தாடி இழுக்கும் கயிற்றால் அதைச் சுழற்றுவது. கயிறு தீர்ந்ததும், கிடைத்த கரண்டில் கொஞ்சம் செலவழித்துத் திரும்பச் சுற்றிக்கொள்வார்கள்.

நமக்கு இது ஏன் முக்கியம்? தமிழகத்தில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் உள்ளன. ஆனால் அவை நன்றாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரைதான். 2012 மின்வெட்டில் சிறு பட்டறைகள் டீசல் ஜெனரேட்டரை நம்பித் தவித்தது மறந்திருக்காது. லேத் மெஷினுக்கு சீசன் தெரியாது. கீழே காற்றாலை நிற்கும் நேரத்திலும் மேலே காற்று இருக்கலாம் என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் நம்பிக்கை.

சிக்கல் காற்றில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. கூகுள் 2013ல் வாங்கிய மக்கானி நிறுவனம், 26 மீட்டர் இறக்கையும் 8 விசிறிகளும் கொண்ட 600 கிலோவாட் விமானத்தை 2019ல் நார்வே கடலில் பறக்கவிட்டது. அப்படியும், சந்தைக்கு வரும் வழி எதிர்பார்த்ததை விட நீளம் என்று 2020 பிப்ரவரியில் தாய் நிறுவனமான ஆல்பபெட் அதைக் கைவிட்டது. 2025 செப்டம்பரில் சீனா ஹீலியம் பலூனில் விசிறிகளைக் கட்டி ஜின்ஜியாங்கில் சோதித்தது.

சரி, ஆவடியில் ஒன்றை ஏற்றலாமா? கூடாது. அங்கே விமானப்படை நிலையம் இருக்கிறது. கயிறு அறுந்தால் வீடுகள் மேலும் மின்கம்பிகள் மேலும்தான் விழும். மாஞ்சா நூலே கழுத்தை அறுக்கும் ஊர் இது! ஐப்பசி இடி மின்னல் வேறு. இதற்கு ஏற்ற இடம் ஆள் நடமாட்டமில்லாத தென்மாவட்டப் பொட்டல் வெளியோ, கடலோதான். முப்பந்தல் காற்றில் இன்று அம்பத்தூர் லேத் ஓடவில்லையா? கரண்ட் கம்பி வழியாக வந்து சேர்ந்துவிடும்.

காத்தாடியை ஏற்றுவது சுலபம். யாரும் பிடிக்காமல், புயலிலும் மழையிலும், வருடக்கணக்கில் அதை மேலேயே நிறுத்தி வைப்பதுதான் பொறியியல். அதைச் சாதித்துக் காட்டும் வரை, இருக்கும் காற்றாலைகளின் கரண்டைச் சேமித்து வைக்க வழி தேடுவதே நமக்கு லாபம்.