அப்பா என்று அடிக்க முடியாத நாள்



வெள்ளிமலையில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளில், தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கூடவே வந்து விட்டுப் போனவர் என் அப்பா. அவரைப் பற்றி எழுதி வைக்க ரொம்ப நாளாக ஆசை. ஆனால் கை நடுக்கம். மவுஸைப் பிடித்து ஒரு வரியைத் தேர்வு செய்வதற்குள் விரல் நழுவிவிடும்.

கல்வராயன் மலையில் என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சி வந்தவன், "மவுஸே வேண்டாம் ஐயா" என்று சொல்லி, விம் என்ற எடிட்டரைத் தமிழ்99 அமைப்போடு போட்டுக் கொடுத்தான்.

அதில் முக்கியமாக இரண்டு நிலை. எழுதும் நிலையில் விசை தட்டினால் எழுத்து விழும். எஸ்கேப் தட்டினால் அதே விசைகள் கட்டளையாகிவிடும். எச், ஜே, கே, எல் நான்கும் இடம், கீழ், மேல், வலம். 1976-ல் பில் ஜாய் எழுதிய வி எடிட்டரில் வந்த பழக்கம் இது. அவர் வைத்திருந்த கணினி முனையத்தில் அந்த நான்கு விசைகளின் மேலேயே அம்புக்குறி போட்டிருந்ததாம். தமிழ்99-ல் அவை க, ப, ம, த.

எஸ்கேப் மூலையில் இருப்பதால், ஜே விசையை இருமுறை தட்டினால் போதும் என்று பையன் மாற்றி வைத்தான். ஆங்கிலத்தில் எழுதுகிற பலரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே இரண்டு ஜே சேர்ந்து வருவது அரிது.

அவன் போனபின் உட்கார்ந்து "அப்பா" என்று தொடங்கினேன். "அ" மட்டும் நின்றது. திரும்ப அடித்தேன், அதே கதை. அப்பாவை எழுத உட்கார்ந்து அப்பா என்ற சொல்லையே எழுத முடியவில்லையே என்று மனசு கனத்துவிட்டது.

ராத்திரி யோசித்தபோதுதான் புரிந்தது. தமிழ்99-ல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். "ப்ப" என்றால் ஜே இருமுறை. நடுவிலேயே எடிட்டர் கட்டளை நிலைக்குத் தாவிவிடுகிறது.

அப்படியானால் தமிழில் இரட்டிக்காத எழுத்து எது? வகுப்பில் உங்களுக்கு எத்தனை முறை நடத்தியிருப்பேன், உடனிலை மெய்ம்மயக்கம்! ரகரமும் ழகரமும் தம்மோடு தாம் சேரா. ஆனால் "வீரர்" என்று எழுதும்போது ர பக்கத்தில் ர வந்து நிற்கும். ழகரத்துக்கு அந்த வம்பும் இல்லை. பையனைப் போனில் கூப்பிட்டு, "ழவை இருமுறை தட்டினால் வெளியே வரும்படி வைடா" என்றேன். சிரித்துவிட்டு மாற்றிக் கொடுத்தான்.

தேர்வு செய்யவும் அப்படியே கேட்டு வாங்கினேன். இடைவெளிப் பட்டையோடு ப தட்டினால் பத்தி, வ தட்டினால் வரி, ச தட்டினால் சொல். முதலெழுத்துதான் சூத்திரம், மறக்காது.

நேற்று அப்பாவைப் பற்றி மூன்று பக்கம் முடித்தேன். கை நடுங்கத்தான் செய்கிறது, ஆனால் வரி நழுவவில்லை. உங்கள் வீட்டிலும் எழுத ஆசைப்படும் பெரியவர்கள் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கைக்கு ஏற்ற மாதிரி விசைகளை மாற்றிக் கொடுங்கள், பிள்ளைகளா.