குதிரையும் குடும்பச் செலவும்

நுவரெலியாவிலே குதிரைச் சவாரியால் வயிறு வளர்க்கும் குடும்பங்களுள் எங்களதும் ஒன்று. ஏப்பிரல் மாதத்துக் கூட்டம் கலைந்தபின் மழை தொடங்கும். அப்போது குதிரை உண்ணும், உழைக்காது. ஆகவே சிக்கனம் எமக்குக் கட்டாயமாயிற்று.

கடைத் தூரிகைகளை என் மனைவி விலக்கிவிட்டாள். வைக்கோலைப் பிரியாக முறுக்கிக் கைக்கடக்கமாய் முடிந்து தேய்த்தால், நனைந்த உடல் விரைவில் உலரும்; மேனியும் மினுங்கும். நைந்த பிரி எருக்குழிக்குப் போகும். நாள்தோறும் குளிப்பாட்டுவதையும் நிறுத்தினோம். 6,000 அடிக்கு மேற்பட்ட இம்மலைக் குளிரில் அது வேண்டாத வேலை. காய்ந்த சேறு தென்னந்தும்பால் தேய்க்க உதிர்ந்துவிடும்.

குளம்பிலே மட்டும் மிச்சம் பிடித்தலாகாது. அடியில் ஒட்டிய சேற்றையும் சாணத்தையும் தினமும் கொக்கியால் தோண்டியெடுத்தல் வேண்டும். சில நிமிட வேலைதான். ஈரத்தில் விட்டால் குளம்பின் நடுவிலுள்ள மென்பாகம் அழுகி நாறும், குதிரை நொண்டும். 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடம் அடிப்பவருக்குரிய கூலியை, பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கும் முன்னரே எடுத்து வைக்கிறோம்.

“பிள்ளையிலும் குதிரை பெரிதோ?” என்பர் அயலார்.

“கொப்பி வாங்கக் காசு தருவது அந்த நாலு கால்தானே!” என்பாள் மனைவி. வரும் வெள்ளிக்கிழமை லாடக்காரர் வருகிறார்.