கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம்

ஊரடங்கு என்றதும் திருப்பூர்க்காரர்கள் ரயில் நிலையத்தைச் சொல்வார்கள். மூட்டையும் பிள்ளையுமாக ஒடிசாவுக்கும் பீகாருக்கும் கிளம்பியவர்களை நானும் பார்த்தேன். ஆனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கொடுவாய்க்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளை. டெட்டாலும் மூத்திரமும் வேப்பம்பூவும் கலந்த அதன் வாசம்.

தென்னையிலிருந்து விழுந்த அண்ணன் அங்கே படுத்திருந்தார். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. எங்கள் சீமையில் அவரவர் காட்டுக்குள் அவரவர் சாளை. சுற்றிலும் கொறங்காடு, கிளுவை வேலி. கூப்பிடு தூரத்தில் ஆளிருக்காது. அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் எங்கள் சின்ன அறக்கட்டளை போய்வந்தது. ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் டவுன் பஸ்ஸில் போய் யூரின் டியூப் மாற்றுவார், படுக்கைப்புண் கழுவுவார். இரண்டு மணிக்கொரு தரம் மகனைப் புரட்டிப் படுக்கவைக்க அண்ணனின் அம்மாவுக்குப் பழக்கியதும் அவர்தான். பனியன் கம்பெனி வேஸ்ட் துணியை நான் மூட்டை கட்டித் தருவேன். துடைக்கவும் விரிக்கவும் அதைவிட மெத்தென்ற துணி கிடையாது.

எங்களுக்கு முன்னோடி தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி. 1975இல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே அமர் சேவா சங்கம் தொடங்கினார். ‘இனி என்னங்க இருக்குது’ என்று அங்கலாய்க்க வருகிற சொந்தக்காரர்களிடம் அவர் கதையைத்தான் சொல்வோம்.

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144. பஸ் நின்றது. கம்பெனி பூட்டியதில் துணியும் நின்றது. தொண்டு என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு டவுன் பஸ்ஸை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 26. மாநகராட்சிக்குள் மூன்று நாள் முழு ஊரடங்கு. விடியக்காலையில் அம்மா போன் செய்தார். “கண்ணு, மண்டை வெடிக்குதுங்கறான். மொகமெல்லாம் வேர்வை. பையில ஒண்ணுக்கு எறங்கவே இல்ல.”

டியூப் அடைத்துவிட்டது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம் என்றார் நர்ஸம்மா. நிமிர்த்தி உட்காரவையுங்கள் என்று போனிலேயே கத்தினார். கூப்பிட்ட ஆம்புலன்ஸ் கொரோனா நோயாளியை ஏற்றிப் போயிருந்தது. ஸ்கூட்டரை எடுத்தோம், கோவில்வழியில் போலீஸ் மறித்தது, பையைத் திறந்து டியூபைக் காட்டினோம், விட்டார்கள், அப்புறம் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை.

உள்ளே அண்ணன் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் அரிசி மூட்டையை முட்டுக்கொடுத்து, தோளைப் பிடித்தபடி அம்மா. டியூப் மாறி, பையில் சலசலவென்று இறங்கும் சத்தம் கேட்டது. மெதுமெதுவாக நெற்றிச் சுருக்கம் விட்டது, உதட்டில் ஈரம் வந்தது. அவர் சொன்ன முதல் வார்த்தை: “நர்ஸம்மாளுக்கு மோர் குடும்மா.”

ஜூனில், அடையாள அட்டை வைத்திருந்த மாற்றுத் திறனாளிகளுக்கு அரசு 1,000 ரூபாய் தந்தது. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. இயன்முறை சிகிச்சைக்கு இப்போது வீட்டுக்கே ஆள் வருகிறார். நல்ல காரியம்தான். ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிவிட எந்தத் திட்டத்திலும் ஆள் இல்லை.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். பக்கத்து நூல்மில்லில் வேலை செய்யும் பீகார்ப் பையன் ஒருவன் சாளையிலேயே தங்கி அண்ணனைப் பார்த்துக்கொள்கிறான். 2020 மே மாதம் ரயிலேறிப் போய்த் திரும்பி வந்தவன். நர்ஸம்மா அவனுக்கு டியூப் மாற்றப் பழக்கிக்கொண்டிருக்கிறார். அண்ணன்தான் பயந்துபோய் எனக்குப் போன் போட்டு, “நீயும் கூட வாயேன்” என்கிறார்.