வீடு தேடும் படலம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்றார்கள் நம் முன்னோர். அவர்கள் மும்பைக்கு வந்து வாடகைக்கு ஓர் அறை தேடியதில்லை போலும். தேடியிருந்தால் மூன்றாவதாக அதையும் சேர்த்தே பழமொழியை முடித்திருப்பார்கள்.

இவ்வாண்டு நம் சங்கத்திற்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "அக்கா, எங்கே தங்கலாம்?" நின்ற இடத்தில் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று இது. விடுதியில் எல்லோர்க்கும் இடம் இராது. இடம் கிடைக்காதவர் கூட்டத்தில் நானும் ஒருத்தி. மூன்று இடங்களைப் பார்த்தேன், ஒன்றைத் தேர்ந்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். விடையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்நகரின் உருவத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழு தீவுகளை மண் கொட்டி இணைத்து உண்டாக்கிய நிலம் இது. மூன்று புறமும் நீர். வளர்வதற்கு வடக்கு ஒன்றே வழி. அலுவலகங்கள் தெற்கே கூடின. மக்கள் வடக்கே நகர்ந்தனர். இரண்டையும் பிணைத்தது இரயில். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணா வரை 34 கிலோமீட்டர் ஓடிய வண்டிதான் இந்நாட்டின் முதல் பயணிகள் வண்டி. அந்தத் தண்டவாளம் இன்றும் நம் வாடகையைத் தீர்மானிக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நகரின் மக்கள் தொகை ஏறத்தாழ 1.24 கோடி. இத்தனை பேரும் ஒரு குறுகிய நாக்குப் போன்ற நிலத்தில் நின்றால் ஒவ்வோர் அடி மண்ணும் பொன்னாகத்தானே விற்கும்?

நிலம் மட்டுமன்று, சட்டமும் காரணமாயிற்று. 1947இல் வந்த பம்பாய் வாடகைச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940ஆம் ஆண்டு அளவிலேயே கட்டிப் போட்டது. குடியிருந்தவர்க்கு அது காவல். புதிதாக வந்தவர்க்கோ அது கதவடைப்பு. வாடகைக்கு விட்டால் வீடு திரும்பாது என்று உரிமையாளர் அஞ்சினர். 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தில் வந்தது. இப்போது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பதினொரு மாத 'லீவ் அண்டு லைசென்ஸ்' ஒப்பந்தந்தான். அதை எழுத்தில் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்யும் கடமை வீட்டுக்காரருடையது. இதை நினைவில் வையுங்கள். வாய்ப்பேச்சை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டா.

இனி என் கணக்கு. எனக்கு மாதம் 15,000 ரூபாய் உதவித்தொகை. அதில் 5,000 ரூபாய் ஊருக்குப் போக வேண்டும். என்னை இங்கே அனுப்புவதற்காக அம்மா தம் வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்திருந்தார். அந்த வளையல்கள் திரும்பும் வரை என் கையில் இருப்பது 10,000 ரூபாய்தான் என்று நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோட்டுக்குள் மும்பையைத் தேடினேன்.

முதலில் பார்த்தது மாதுங்கா. 1896இல் கொள்ளைநோய் இந்நகரை வாட்டியபின், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு அமைக்கப்பட்டது. அது வகுத்த திட்டத்தில் தாதரும் மாதுங்காவும் அகன்ற சாலைகளும் மரநிழலுமாக எழுந்தன. எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் வந்த நம்மவர் இங்கே குடியேறினர், கோயில் கண்டனர், பள்ளி கண்டனர். பூக்கடையில் தொடுத்த மல்லிகை தொங்குகிறது. காபி டபராவில் வருகிறது. வாழையிலையைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. ஆனால் நான்கு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு மாதம் 9,000 ரூபாய் என்றார்கள். மிஞ்சும் ஆயிரத்தில் மாதம் முழுவதும் உண்ண வேண்டும். காபியின் மணத்தை மட்டும் முகர்ந்துகொண்டு படிக்க முடியுமா?

இரண்டாவது தாராவி. இந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர் நம்மிலும் உண்டு. அவர்கள் ஒருமுறை தொண்ணூறு அடிச் சாலையில் நடந்து பார்க்கட்டும். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து எழுப்பிய இடம் அது. என் சித்தப்பா அங்கேதான் இருக்கிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடி வீடு, ஐந்து பேர். நம் வளாகத்திற்கு அங்கிருந்து தொலைவும் இல்லை, வாடகையும் இல்லை.

"ஒரு பாய் விரிக்க இடமில்லாமலா போச்சு? பேசாம பெட்டியத் தூக்கிட்டு வந்துரு" என்றார் சித்தி.

அன்றிரவு அங்கே தங்கினேன். பத்து மணிக்கு எல்லோரும் படுத்தார்கள். சித்தியின் மகள் மட்டும் சுவரோரம் ஒரு சிறு விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்பு. பகலில் அந்த வீட்டில் புத்தகம் விரிக்க இடம் கிடையாது. இரவில் அவளுக்கென்று கிடைப்பது அந்த மூலை ஒன்றுதான். எனக்குச் சித்தி பாய் விரித்திருந்ததும் அந்த மூலையில்தான். அவள் கால்களை மடக்கிக்கொண்டு என் தலைமாட்டில் கணக்குப் போட்டாள். விளக்கு என் கண்ணில் படாதபடி ஓர் அட்டையால் மறைத்தும் வைத்தாள்.

அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. இந்நகரில் இலவசமான இடம் என்று ஒன்றில்லை. நாம் வாடகை தராத இடத்தில் நமக்காக வேறொருவர் தருகிறார். நான் அங்கே தங்கினால் என் வாடகையை அந்தப் பெண் தன் தேர்வால் கட்டியிருப்பாள்.

சித்தியிடம் இதைச் சொல்ல முடியுமா? "எங்க வீடு சின்னதுன்னுதானே போற?" என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இல்ல சித்தி, ஞாயித்துக்கிழமை சாப்பாடு எனக்கு இங்கதான். வந்து தங்கச்சிக்குக் கணக்கும் சொல்லித்தாறேன்" என்றேன். அவர் உடனே சமாதானம் ஆகவில்லை. இரண்டு ஞாயிறு கழிந்தபின்தான் மீன் குழம்பில் பழைய உரிமை திரும்பிற்று.

மூன்றாவது டோம்பிவிலி. தாணாவையும் தாண்டி, இரயில் வழியில் தெற்கு முனையிலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர். கொல்ஹாப்பூரைச் சேர்ந்த செவிலி ஒருவரும், பாலக்காட்டைச் சேர்ந்த வங்கி ஊழியர் ஒருவரும் 12,000 ரூபாய் வாடகைக்கு எடுத்த வீட்டில் மூன்றாமவருக்கு இடம் இருந்தது. என் பங்கு 4,000 ரூபாய். வீட்டுக்கார மூதாட்டியை நாங்கள் 'ஆஜி' என்போம். மராத்தியில் பாட்டி என்று பொருள்.

இங்கே வாடகை மலிவு, ஆனால் பயணம்? வீட்டிலிருந்து நடை, குர்லா வரை இரயில், அங்கிருந்து பேருந்து என்று ஒருவழிக்கு ஒன்றரை மணி நேரம். மாதுங்காவிலிருந்து வருவதைவிட நாளொன்றுக்கு இரண்டு மணி மிகுதி. மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 50 மணி. வாடகையில் மிஞ்சுவது 5,000 ரூபாய். அதாவது மணிக்கு நூறு ரூபாய் விலைக்கு என் வாழ்நாளை நான் விற்கிறேன். இப்படி எழுதிப் பார்த்தபின் ஓர் இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு செய்தி கணக்கை மாற்றிற்று. டோம்பிவிலியிலேயே புறப்படும் வண்டிகள் உண்டு என்றார் பாலக்காட்டுத் தோழி. வழியில் ஏறுபவர்க்குக் கதவோரமே கிடைப்பது அரிது. வண்டி புறப்படும் ஊரில் விடியற்காலையில் ஏறுபவர்க்கோ சன்னலோரம் கிடைக்கும். உட்கார்ந்துவிட்டால் குர்லா வரை ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம் என்னுடையது. பெண்கள் பெட்டியில் ஒருவர் காய் நறுக்குவார். ஒருவர் ஜபம் செய்வார். மூவர் இருக்கையில் நான்காமவர் பாதி உடம்பை ஒட்ட வைத்துக்கொண்டு உறங்குவார். நான் படிப்பேன். என் ஆய்வுரையின் இரண்டு இயல்களுக்கு வேண்டிய நூல்களை அந்த இருக்கையில்தான் படித்து முடித்தேன். மாலைப் பயணம் வேறு கதை. அதில் புத்தகத்தைத் திறப்பதிருக்கட்டும், கையை அசைக்கவும் இயலாது.

ஆகவே டோம்பிவிலியைத் தேர்ந்தேன். அது எல்லோர்க்கும் ஏற்ற இடம் என்று நான் சொல்ல வரவில்லை. மழைக்காலத்தில் தண்டவாளத்தில் நீர் ஏறினால் வண்டி நிற்கும். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை இங்குள்ளோர் இன்றும் சொல்லிச் சொல்லி நடுங்குகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இரவு ஒன்பது மணி வரை நிற்க வேண்டிய மாணவிக்கு இவ்வளவு தொலைவு தகாது. பொறுப்புகள் இல்லாத மாணவர்க்கு மாதுங்காவே தகும். அந்த இரண்டு மணி நேரத்தை ஏன் இழக்க வேண்டும்?

தமிழரிடையே தங்கவில்லையே என்ற குறை ஒன்று எனக்கு இருந்தது. அதுவும் நாளடைவில் நீங்கிற்று. தமிழ் வேண்டுமென்றால் சனிக்கிழமை மாதுங்கா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சித்தி இருக்கிறார். மற்ற ஐந்து நாளும் ஆஜியிடம் மராத்தி கற்றேன். சந்தையில் விலை பேசவும், காய்ச்சல் கண்டபோது மருத்துவரிடம் சொல்லவும் அம்மொழி உதவிற்று.

நண்பர்களே, வீடு பார்க்கப் போகும்போது வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா என்று கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். அவற்றோடு மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் என் நாளில் எத்தனை மணி எனக்கு மிஞ்சும்? நள்ளிரவில் உடல் நலம் குன்றினால் யார் கதவைத் தட்டுவேன்? நான் தராத வாடகையை எனக்காக யாரேனும் தருகிறார்களா? முதல் இரண்டுக்கும் நல்ல விடை கிடைத்து, மூன்றாவதற்கு 'இல்லை' என்று மனச்சான்று சொன்னால், அந்த அறை எவ்வளவு சிறிதாயினும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் வளையல்கள் சென்ற தை மாதம் திரும்பின. சித்தியின் மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் படிக்கிறாள். அவளும் ஒருநாள் வீடு தேடுவாள். அப்போது என்னிடம் வந்து கேட்பாள் என்று நம்புகிறேன்.