டெஸ்ட்தானேன்னு அணைச்ச வார்னிங்

1/ குழந்தைகளுக்கான பாராசிட்டமால் அளவைக் கணக்கிட (ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி.) மயிலாப்பூர் கிளினிக்கில் உட்கார்ந்து பைதானில் சின்ன புரோகிராம் எழுதினேன். சரிபார்க்க டெஸ்ட்களும்.

2/ கோடு நடையைச் சோதிக்கும் ஃபிளேக்8 ஓட்டினா, டெஸ்ட் ஃபைல் முழுக்க வார்னிங். வரி 79 எழுத்தைத் தாண்டிடுச்சாம், ஸ்பேஸ் அதிகமாம். "டெஸ்ட்தானே"ன்னு அந்த ஃபோல்டரையே விலக்கிட்டேன்.

3/ போன வாரம் மறுபடி ஓட்டினேன். நடுவுல ஒரு எஃப்811: ஒரே பெயரில் ரெண்டு டெஸ்ட். பைதான் ரெண்டாவதை மட்டும்தான் வச்சுக்கும். முதல் டெஸ்ட் ஓடவே இல்ல. அது எது தெரியுமா? எடையை கிராமில் போட்டா மறுக்கணும்ங்கிறது. பெயரை மாத்தி ஓட்டினேன். ஃபெயில்.

4/ ஐசியூ மானிட்டர் ஓயாம கத்தினா மியூட் பண்ணாதீங்க, லிமிட்டைச் சரிபண்ணுங்கன்னு ஜூனியர்களுக்குச் சொல்றவன் நான். இப்போ வரி நீளம், ஸ்பேஸ் மட்டும் அணைச்சிருக்கேன். மத்தது கத்தட்டும்.