அண்ணனின் காணியா, அண்ணன்மாரின் காணியா?

 

போன கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கரம்பொன்னில் ஓர் அக்கா எங்களை மறித்தார். கையில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடிதம். வெளிநாட்டில் உள்ள சட்டத்தரணி ஒருவருக்கு அனுப்புவதற்காக அவருடைய மகள் எழுதியது.

"சேர், பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாத்துத் தாங்கோ."

பிள்ளையின் எழுத்து நல்ல எழுத்து. ஆனால் "மை பிரதர்ஸ் லேண்ட்" என்று எழுதிய இடத்தில் மேலே போடும் கொமா, அதுதான் அப்பொஸ்ட்ரோபி, இல்லை.

"அக்கா, காணி ஒரு அண்ணனுக்கோ, எல்லா அண்ணன்மாருக்குமோ?"

"அண்ணன்மார் மூண்டு பேர் சேர். காணி மூத்தவற்ற பேரிலதான்."

வாயால் சொன்னால் இரண்டும் ஒரே சத்தம்தான். எழுத்தில் அந்தக் கொமாதான் உரிமையாளரைக் காட்டும். 'பிரதர்' என்று முடித்துக் கொமா போட்டு அதன்பின் 'எஸ்' எழுதினால் காணி ஒருவருக்கு. 'எஸ்' எழுதி முடித்துக் கொமா போட்டால் பலருக்கு. பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லும் வழி இதுதான்: முதலில் உரிமையாளரை முழுதாக எழுது, பிறகு கொமாவைப் போடு.

சொத்து விஷயத்தில் எங்கள் மண் கவலையீனமான மண் அல்ல. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்து வகைப்பட்டிருக்கிறது. முஸ்லிம்களாகிய எங்களுக்கு வாரிசுரிமைச் சட்டம் வேறு. அதிலும் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது கணக்கு. தமிழில் இவ்வளவு திருத்தமாகப் பேசும் நாங்கள், ஆங்கிலத்தில் எழுதும்போது 'யாருடையது' என்பதைத் தவறவிடுகிறோம்.

காரணம் பிள்ளைகளின் மொட்டைத்தனம் இல்லை. எங்கட பேச்சில் "இது என்ர புத்தகம்" என்றும் சொல்லலாம், "இது என்ர" என்று நிறுத்தியும் விடலாம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொல். பொருளின் பெயர் பின்னால் வந்தால் 'மை', வராவிட்டால் 'மைன்'. அதனால்தான் "திஸ் இஸ் மை" என்று பிள்ளை சொல்லிவிட்டு நிற்கிறது. 'அவர்' - 'அவர்ஸ்', 'யுவர்' - 'யுவர்ஸ்', 'தெயர்' - 'தெயர்ஸ்' எல்லாம் இதே கதைதான். இவை எதற்கும் கொமா கிடையாது. 'இட்ஸ்' என்பதற்குக் கொமா போட்டால் அது 'இட் இஸ்' ஆகிவிடும். அஃறிணைக்கு உரிமை சொல்லும் 'இட்ஸ்' கொமா இல்லாதது.

இன்னொன்று. "கந்தையா தம்பியிடம் தன்ர காணியைப் பற்றிச் சொன்னார்" என்றால் காணி கந்தையாவுடையது என்று எங்களுக்கு விளங்கும். ஆங்கிலத்தில் 'ஹிஸ் லேண்ட்' என்றால் அது கந்தையாவுடையதா, தம்பியுடையதா? தெரியாது. காணிக் கடிதத்தில் அப்படியான இடத்தில் பெயரையே திரும்ப எழுதுங்கள். அழகு குறைந்தாலும் பரவாயில்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறோம்? இந்தத் தீவில் கூரை விழுந்த வீடுகளையும் பற்றை மூடிய வளவுகளையும் நீங்களும் பார்க்கிறீர்கள். உரிமையாளர் ஒரு நாட்டில், உறுதி இன்னொரு இடத்தில். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் சனத்திலும் உறுதி இல்லாமல் அலைந்தவர்கள் கனபேர். வீட்டை விட்டுப் போனவனிடம் மிஞ்சுவது "அது எங்கட" என்ற ஒரு சொல்தான். அந்தச் சொல்லையாவது பிழையில்லாமல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

1913 இல் இதே கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகளார், ஆங்கிலத்தில் இதழ் நடத்தித் தமிழை உலகுக்குக் காட்டினார். அவர் பிறந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கொமா பெரிய விஷயமில்லை.

கடிதத்தை நாங்கள் திருத்திக் கொடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு, விளக்கிச் சொல்லி, அவளையே போட வைத்தோம். "இந்தச் சின்னக் கோட்டுக்கோ இவ்வளவு நேரம்?" என்று தாய் சிரித்தார். "இல்லையம்மா, பெரிய மாமான்ர காணிக்கு" என்றாள் பிள்ளை.

உங்களிடமும் இப்படிக் கடிதங்கள் இருந்தால், அனுப்ப முன்னம் கொண்டு வாங்கோ. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. காசு வேண்டாம், துஆ போதும்.