எத்தனை மணிக்கு நிப்பாட்டினாங்க?

“டிராஃபிக் வழக்கைக்கூடக் கொலை வழக்கு மாதிரி நடத்துவார்” என்று பிரிவுபசாரக் கூட்டத்தில் ஓர் இளைய சட்டத்தரணி பேசினார். பாராட்டாகத்தான் சொன்னார். மண்டபமும் சிரித்தது. தெமட்டகொடையில் முப்பது வருடத்துக்கு மேல் இதே வழக்குகளைப் பார்த்துவிட்டு கறுப்பு அங்கியைக் கழற்றியவருக்கு அந்தச் சிரிப்பு இன்னும் ஆறவில்லை. குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடிபட்டவனின் வழக்கை வேறு எப்படி நடத்தச் சொல்கிறார்கள் என்று அவர் கேட்கிறார்.

அவருடைய கட்சிக்காரர்கள் யார் என்று தெரிந்தால் அந்தக் கேள்வியின் சூடு புரியும். தெமட்டகொடையிலிருந்து ஒருபுறம் போனால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள், மறுபுறம் ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றங்கள், நடுவில் பேஸ்லைன் வீதி. முச்சக்கரவண்டிக்காரர், லொறிச் சாரதி, கடைகளுக்குச் சாமான் இறக்கும் வான்காரர், இவர்கள்தான் அவருடைய வாசலுக்கு வந்தவர்கள். பாதிப் பேருக்கு வண்டி லீசிங்கில் இருக்கும். மதுபோதையில் வாகனம் செலுத்திய குற்றத்துக்கு இன்று தண்டம் 25,000 ரூபாவிலிருந்து 30,000 வரை. 2016 கடைசியில் இந்த 25,000 வரவு செலவுத் திட்ட யோசனையாக வந்தபோது தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னர் அது சட்டமாகிவிட்டது. ஆனாலும் தண்டப்பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம், அவர்களைப் படுக்கவைப்பது சாரதி அனுமதிப்பத்திரத்தின் இடைநிறுத்தம்தான் என்கிறார் அவர். நீதவான் அதை நிறுத்திவைக்கும் மாதங்களில் வீட்டுக்கு வரும்படி இல்லை. லீசிங் தவணை மட்டும் நிற்காது.

இது தபாற்கந்தோரில் தண்டம் கட்டி முடிகிற சங்கதி அல்ல என்பதை வருகிறவர்களுக்கு அவர் விளக்கவேண்டி இருந்ததில்லை. பலூன் ஊதி, பொலிஸ் பிணையில் வந்து, மாளிகாகந்தை நீதிமன்றத்திலோ புதுக்கடையிலோ தவணை விழுந்த பிறகுதான் வருவார்கள். உட்கார்ந்ததும் ஒரே பேச்சு: “சேர், ஒத்துக்கிட்டுக் கட்டிட்டுப் போயிரலாமா?”

அவர் திருப்பிக் கேட்பது: “எத்தனை மணிக்கு நிப்பாட்டினாங்க தம்பி?”

அந்தக் கேள்வி அவருடைய சீனியரின் சொத்து. 1974ஆம் ஆண்டு தொடங்கும்வரை இந்த நாட்டில் புறக்டர், அட்வகேட் என்று இரண்டு வகையினர் இருந்தார்கள். பிறகுதான் எல்லாரும் சட்டத்தரணிகள் ஆனார்கள். சீனியர் அதற்கு முன்னரே புறக்டராகப் பதிந்தவர். புதுக்கடையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கந்தோர் வைத்திருந்தார், சாகும்வரை தன்னைப் புறக்டர் என்றே சொல்லிக்கொண்டார். கட்சிக்காரர் எவ்வளவு குடித்தார் என்பதை முதலில் கேட்கவே மாட்டார். ஜூனியர் யாராவது அவசரப்பட்டுக் கேட்டுவிட்டால், கட்சிக்காரர் போனபின் கதவைச் சாத்திவிட்டுத் திட்டுவார். எவ்வளவு என்பதற்கு எந்த மனிதனும் உண்மை சொல்லமாட்டான், எப்போது என்று கேட்டால் தன்னை அறியாமலே உண்மை சொல்வான் என்பது அவருடைய வாதம்.

வழக்குக் கட்டின் முதுகில் நான்கு நேரங்களை எழுதவேண்டும்: வண்டி நின்ற நேரம், பலூன் ஊதிய நேரம், டொக்டர் பார்த்த நேரம், பிணையில் விட்ட நேரம். கட்சிக்காரர் சொல்வது பென்சிலில். பொலிஸ் குறிப்புகளின் உறுதிப்படுத்திய பிரதியில் இருப்பது மையில். பென்சில் நேரம் மாறும், அழித்து எழுதலாம்; மை நேரம் மாறாது, மாறினால் அதுவே நம்முடைய வழக்கு. இந்த நான்கும் நிரம்பாத கட்டைச் சீனியர் கையால் தொடமாட்டார். ஒருமுறை மூன்றாவது நேரம் இல்லாமல் கொண்டுபோன கட்டை, வழக்குக் கூப்பிடப் பத்து நிமிடம் இருக்கும்போது திருப்பிக் கொடுத்து, தவணை கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீதவானின் எரிச்சலைத் தாங்கிக்கொண்டு நின்றவர் ஜூனியர்தான். அன்று பட்ட வெட்கத்தைப் பற்றிப் பேசும்போதும் அவருக்குச் சீனியர்மேல் கோபம் வருவதில்லை. அந்த மனிதர் இல்லாவிட்டால் தானும் புதுக்கடை வாசலில் நின்று ஆள் பிடிக்கிற ஒருவனாகப் போயிருப்பேன் என்கிறார்.

நேரத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? இலங்கைச் சட்டத்தின் எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். இங்கிலாந்து 1967இல் வைத்த எல்லையும் அதுதான், ஸ்கொட்லாந்து 2014 டிசம்பரில் 50க்கு இறங்கியது, இந்தியாவில் 30. எண் எதுவானாலும் உடம்புக்குள் அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. குடித்து முடித்தபின் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிவரை ஏறிக்கொண்டே போகலாம், பிறகு மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் இறங்கும். சுவீடன் ஆய்வாளர் எரிக் விட்மார்க் 1930களில் போட்டுவைத்த கணக்கு இன்றும் நீதிமன்றங்களில் ஓடுகிறது. அந்தக் கணக்குப்படி, 65 கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் கால் போத்தல் சாராயம் குடித்தால் உச்சம் நூறைத் தாண்டும்; குடிக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் போனால் எண்பதை ஒட்டி வந்து நிற்கும். ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால், இதை நம்பி எவரும் ஹாண்டிலைப் பிடிக்கக்கூடாது என்று அவர் அழுத்திச் சொல்கிறார். ஆனால் எல்லையை ஒட்டிய வழக்கில், நிறுத்திய நேரத்துக்கும் சோதித்த நேரத்துக்கும் நடுவே ஒரு மணித்தியாலம் காணாமல்போனால், வாகனம் ஓட்டிய வேளையில் இரத்தத்தில் என்ன இருந்தது என்ற கேள்வி திறந்துவிடுகிறது. சட்டம் கேட்பது ஓட்டிய வேளையைத்தான்.

பலூனுக்கும் ஒரு நேரம் உண்டு. கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் மஞ்சள் மணிகள் டைகுரோமேட் கலந்தவை. மூச்சில் உள்ள மதுசாரம் பட்டால் பச்சையாகும். பச்சை குறிக்கோட்டைத் தாண்டியதா என்பதே கேள்வி. கடைசி மிடறு குடித்த உடனே ஊதினால் நுரையீரல் மூச்சோடு வாயில் தங்கிய சாராயமும் சேர்ந்து ஊதப்படும். ஆகவே கால் மணி நேரமாவது பொறுத்து ஊதவைப்பது முறை. பை முழுக்க நிரம்பியதா, குழாய் காலாவதியாகாததா, ஊதிய குழாயைச் சீல் வைத்து எண் இட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தால் அரைவாசி வழக்குகளில் பதில் இராது. எல்லா நேரமும் 22.00, 22.15, 22.30 என்று வட்டமாக எழுதிய குறிப்புப் புத்தகங்களை அவர் எத்தனையோ பார்த்துவிட்டார். நிஜ வாழ்க்கையில் எதுவும் காலும் அரையுமாக நடப்பதில்லை.

பிறகு டொக்டர். பொலிசார் ஆளை அரசாங்க வைத்தியரிடம் கொண்டுபோவார்கள். கொழும்பில் என்றால் சட்ட வைத்திய அதிகாரி. கண்மணி, நாக்கு, பேச்சு, நேர்கோட்டில் நடை, விரலால் மூக்கைத் தொடுவது என்று பார்த்து ஒரு படிவம் நிரப்புவார். அந்தப் படிவத்தில் மது மணம் இருக்கிறது என்பது ஒன்று, மதுவின் ஆதிக்கத்தில் இருக்கிறார் என்பது வேறொன்று. இரண்டுக்கும் இடையில் ஒரு மனிதனின் பிழைப்பு கிடக்கிறது. இளம் சட்டத்தரணிகள் சிலர் அந்தப் படிவத்தைப் புரட்டாமலே குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள் என்பது அவருடைய நீங்காத ஆத்திரம். விஜேபால வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம் எதிரிக்கு வாக்குமூலங்களைப் பார்க்கும் உரிமையை நியாயமான விசாரணையின் பகுதி என்று தீர்த்துவைத்தது. அந்த உரிமையை வாங்கிக்கொடுக்க ஒரு தலைமுறை வாதாடியிருக்கிறது. இப்போது ஒரு விண்ணப்பம் எழுதிப் பிரதி எடுக்க நேரமில்லை என்கிறார்கள்.

தமிழ்க் கட்சிக்காரருக்கு இன்னொரு இடைஞ்சல். இரவு பதினொரு மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் எழுதப்படும் வாக்குமூலம் சிங்களத்தில் இருக்கும். கீழே, வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டேன் என்ற வரி. அதற்கும் கீழே தமிழில் கையெழுத்து. தெமட்டகொடையில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சிங்களம் பேச நன்றாகவே வரும். ஆனால் சட்டச் சிங்களத்தை வாசித்து விளங்குவது வேறு. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நீதிமன்றத்தில் உரைபெயர்ப்புக்கு உரிமை தருகிறது, 2007இன் 56ஆம் இலக்கச் சட்டமும் அந்த உரிமையைச் சொல்கிறது. கேட்டால் கிடைக்கும். கேட்டால் வழக்கு இன்னொரு நாளைக்குப் போகும், கட்சிக்காரருக்கு ஒரு நாள் ஓட்டம் போகும். அதனால் அவரே “பரவாயில்லை சேர், விளங்குது” என்று சொல்லிவிடுவார். அந்தப் பரவாயில்லையை ஏற்றுக்கொள்ளாமல், உரைபெயர்ப்பாளர் வரும்வரை வழக்கை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்பதும் தன்னுடைய வேலைதான் என்று அவர் நினைத்தார். 2012இல் வர்த்தமானியில் வந்த விதிகளின்படி சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே போய்த் தன் கட்சிக்காரருக்காகப் பேசலாம். அவர் போனார். இரவில் எழுந்து சாரத்தைக் களைந்து கால்சட்டை மாட்டிக்கொண்டு போகிற சட்டத்தரணிகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் உயர்கிறது.

குடித்தவர்களைக் காப்பாற்றுகிறவர் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அவர் அதை மறுக்கிறார், அதற்குக் காரணமும் வைத்திருக்கிறார். நான்கு நேரங்களும் ஒன்றோடொன்று பொருந்தி, டொக்டரின் படிவமும் ஆதிக்கத்தில் என்று சொன்னால், ஒப்புக்கொள் என்று அவர்தான் முதலில் சொல்வார். ஊத மறுத்துவிட்டு வந்து சூரத்தனம் பேசுகிறவர்களுக்கு, மறுப்பும் சட்டத்தின் முன் உனக்கு எதிராகத்தான் போகும் என்று எரிந்து விழுவார். ஒப்புக்கொள்வதிலும் தொழில் இருக்கிறது. குற்றச்சாட்டு வாசித்துக் கேட்கும்போது ஆம் என்று தலையாட்டுவதோடு சட்டத்தரணி உட்கார்ந்துவிட்டால், நீதவான் முன் இருப்பது ஒரு குடிகாரன் மட்டுமே. முதல் குற்றமா, விபத்து நடந்ததா, பயணி இருந்தாரா, லீசிங் பத்திரம், பிள்ளையின் பாடசாலைக் கடிதம், முன்பு எந்த வழக்கும் இல்லாத பழைய அனுமதிப்பத்திரம், இவற்றை எடுத்துக் கையில் கொடுத்து இடைநிறுத்தத்தைக் குறைந்த மாதங்களுக்கு இறக்கக் கேட்கவேண்டும். ஒப்புக்கொண்டவருக்கு மேன்முறையீட்டு வழி மிகவும் ஒடுங்கிவிடும் என்பதால், அந்த ஐந்து நிமிடம்தான் அவருக்கு இருக்கிற முழு வழக்கும்.

இன்றைக்கு அந்த ஐந்து நிமிடமும் இல்லை என்பது அவருடைய குறை. குற்றப்பத்திரத்தை வாட்ஸப்பில் படமாக அனுப்புகிறார்கள். சட்டத்தரணி கட்சிக்காரரின் முகத்தை முதன்முதலில் பார்ப்பது நீதிமன்ற வாசலில். கட்டணம் முன்கூட்டியே பேசி முடிந்துவிட்டது, ஒப்புக்கொண்டால் இவ்வளவு என்று. வழக்கு நடத்த ஒரு விலையே கிடையாது, ஏனென்றால் நடத்த யாரும் நினைக்கவில்லை. வாசலில் தரகர்களும் நிற்பார்கள். கையில் காசில்லாதவருக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது, அலுவலகமும் புதுக்கடையிலேயே இருக்கிறது. அந்தப் படிவரை போகச்சொல்ல ஆளில்லாமல், அடகுவைத்த காசைத் தரகரிடம் கொடுத்துவிட்டு வந்தவர்களை அவர் கண்டிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் இளையவர்களை மட்டும் நோகவில்லை. தன் வயதுச் சட்டத்தரணிகளில் பலர் காணி வழக்கு, கம்பனி வழக்கு என்று போய், இதைச் சில்லறை வேலை என்று ஜூனியர்களிடம் தள்ளிவிட்டார்கள். சில்லறை என்று கொடுக்கப்பட்டதை அவர்களும் சில்லறையாகவே செய்கிறார்கள்.

தீர்ப்பு வந்த பிறகும் அவர் கட்சிக்காரரை விடமாட்டார். இடைநிறுத்தக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் முதல் வழக்கைவிடப் பாரமான வழக்கு வரும், விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கும். ஆகவே வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்கச் சொல்வதில்லை. அனுமதிப்பத்திரம் உள்ள மைத்துனரோ பக்கத்துவீட்டுக்காரரோ ஓட்டட்டும், நாளுக்கு இவ்வளவு வாடகை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடட்டும், லீசிங் கம்பனிக்கும் ஒரு பிரதி போகட்டும் என்பார். அந்தத் தாளையும் அவரே எழுதிக்கொடுப்பார், கட்டணமில்லாமல். காலம் முடிகிற கிழமையில் அனுமதிப்பத்திரம் நீதிமன்றப் பதிவாளர் அறையில் கிடக்கிறதா, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய்விட்டதா என்று தேடவேண்டும். வேரஹெரவில் உள்ள அந்தத் திணைக்கள அலுவலகத்துக்குப் போகும்போது தீர்ப்பின் பிரதியும் தண்டப்பணப் பற்றுச்சீட்டும் கையில் இருக்கவேண்டும், அடையாள அட்டையின் பிரதி இரண்டு. தேடிக்கொண்டு வெறுங்கையோடு போனவர்கள் ஒரு நாளை இழந்து திரும்பி வருவார்கள். அங்கி கழற்றிய பிறகும் இதற்காகவே மாதத்தில் சில பேர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், அவர் பத்திரங்களைச் சரிபார்த்து, குறைகிறதை எழுதிக்கொடுத்து அனுப்புகிறார்.